அபர்வானில் பிழைத்த பிள்ளைகள்

பிரிட்டனின் மேற்குப் புறத்தே உள்ள வேல்ஸ் நாட்டில், டாஃப் ஆற்றின் பள்ளத்தாக்கில், அபர்வான் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூரார் பல தலைமுறையாக நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்தவர்கள். சுரங்கத்திலிருந்து வெளிவந்த கழிவு மண்ணையும் கல்லையும் ஊருக்கு மேலிருந்த மலைச் சரிவில் குன்று குன்றாகக் கொட்டி வைப்பது அங்கே வழக்கம். அப்படி எழுந்த குன்றுகளுள் ஏழாவது 1958-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் அடியில் நீரூற்று இருந்தது. அதற்கு நேர் கீழே, மலையடிவாரத்தில், பாண்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளி இருந்தது.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அரைப்பருவ விடுமுறைக்கு முந்திய கடைசிப் பள்ளி நாள். காலை 9.15 மணியளவில், நீரில் ஊறிப்போயிருந்த ஏழாவது குன்று சரிந்து இறங்கிற்று. மலைமேல் வெயில், பள்ளத்தாக்கில் மூடுபனி. ஆகவே மேலே நின்ற தொழிலாளர் குன்று நகர்வதைக் கண்டார்கள். கீழே இருந்தவர்கள் பேரிரைச்சலை மட்டுமே கேட்டார்கள். கருஞ்சேறு பள்ளியையும் அருகிலிருந்த வீடுகளையும் மூடிக்கொண்டது. இறந்தவர் 144 பேர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள். பெரும்பாலோர் ஏழு முதல் பத்து வயதுக்குட்பட்டவர்கள். பள்ளி ஆசிரியர் ஐவரும் மாண்டனர். செய்தி கேட்டுச் சுரங்கத்திலிருந்து மேலே ஓடி வந்த தந்தைமார் தம் பிள்ளைகளைத் தம் கைகளாலேயே தோண்டி எடுத்தார்கள். அன்று காலை 11 மணிக்குப் பிறகு உயிரோடு எவரும் வெளிவரவில்லை.

இவ்விபத்தைப் பற்றி எழுதியோர் பலர். அவர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி குன்றைப் பற்றியது. அல்லது இறந்தவர்களைப் பற்றியது. நாம் ஈண்டுப் பேச எடுத்துக்கொண்டது, அன்று உயிரோடு வெளிவந்து, சில நாளில் மீண்டும் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றி. துயருற்ற மாணாக்கரைப் பள்ளிக்கூடம் எப்படித் தாங்குவது என்னும் கேள்வி இன்று பல நாடுகளின் கல்வித் துறைகளில் கேட்கப்படுகிறது. அபர்வானில் அக்கேள்வியைக் கேட்டவர் மிகச் சிலர். கேட்காமல் விட்டதன் விளைவை அளந்து பார்க்க முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

பெரியவர்களின் துயரத்துக்கு அன்று ஒரு குரல் இருந்தது. விபத்து நடந்து மூன்றாம் நாள் மரண விசாரணை தொடங்கியது. அப்போது ஒரு தந்தை எழுந்து, தம் பிள்ளை நிலக்கரி வாரியத்தால் உயிரோடு புதைக்கப்பட்டதாகவே இறப்புச் சான்றில் எழுதவேண்டும் என்று முழங்கினார். அக்டோபர் 27-ஆம் நாள் நடந்த பொது அடக்கத்தில் ஊரே கூடி அழுதது. அதன்பின் 76 நாள் விசாரணை நடத்திய தீர்ப்பு மன்றம், 1967 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் தேசிய நிலக்கரி வாரியத்தின்மேல் பழியைச் சுமத்தியது. கழிவுச் சேறு பள்ளிக்கு ஆபத்து என்று நகராட்சிப் பொறியாளர் 1963-லேயே எழுதிய கடிதங்களும் வெளிவந்தன. ஆயினும் வாரியத்தைச் சேர்ந்த ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஒருவரும் வேலை இழக்கவில்லை. அந்தக் கோபம் இன்றும் அவ்வூரில் ஆறவில்லை என்பர். ஆறாததில் வியப்பும் இல்லை.

பிள்ளைகளுக்கு அத்தகைய குரல் இல்லை. அவர்கள் இழந்தது என்னவென்று எண்ணிப் பாருங்கள். ஒரே பெஞ்சில் அமர்ந்தவன், தெருவில் கூட விளையாடியவள், கூடப் பிறந்த அண்ணன் அல்லது தங்கை, பாடம் சொன்ன ஆசிரியர், அந்தப் பள்ளிக் கட்டடம், அனைத்தையும் ஒரே காலைப்பொழுதில் இழந்தார்கள். சில வகுப்புகளில் எஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஊரில் இருந்த குழந்தைப் பருவத்தில் ஒரு பகுதியே மறைந்துவிட்டது.

பிழைத்தவர்கள் வளர்ந்த பிறகு கூறிய செய்திகளுள் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. அவர்கள் தெருவில் விளையாடுவதை நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சன்னலருகே நிற்பாள். இவர்கள் பந்து விளையாடுவதைக் கண்டால் அவள் நெஞ்சு என்ன பாடுபடும்? சில வீடுகளில் பெரியவர்களே, வெளியே போகாதே என்று தடுத்தார்கள். யாரும் தடுக்காத வீடுகளிலும் பிள்ளைகள் தாமே புரிந்துகொண்டார்கள். நாம் பிழைத்தது பிறருக்கு வலி தருகிறது என்னும் எண்ணம் எட்டு வயதுக் குழந்தையின் மனத்தில் குடிபுகுந்தது. அதை எடுத்துச் சொல்ல அக்குழந்தைக்குச் சொல் கிடையாது. கேட்க ஆளும் கிடையாது. வீட்டில் தாய் தந்தையர் துயரில் மூழ்கியிருக்கின்றனர். தன் அச்சத்தையும் சேர்த்து அவர்கள் தலையில் வைக்கலாகாது என்று பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. பிள்ளை அமைதியாக இருக்கிறது, மறந்துவிட்டது என்று பெற்றோர் ஆறுதல் கொள்கின்றனர்.

எஞ்சியிருந்த ஒரே இடம் பள்ளிக்கூடம். ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் பிழைத்த பிள்ளைகளுக்கு மீண்டும் வகுப்பு தொடங்கியது. கட்டடம் இல்லை, ஆகவே கேரவன் எனப்படும் வண்டி வீடுகளில் பாடம் நடந்தது. இதைக் குறை சொல்வதற்கில்லை. துயருற்ற பிள்ளைக்கு மணியடிப்பதும் வாய்ப்பாடு ஒப்பிப்பதும் வரிசையில் நிற்பதுங்கூட ஒரு பிடிப்பைத் தரும் என்பதை இன்றைய அறிஞரும் ஒப்புகின்றனர். அன்று பாடம் சொன்ன ஆசிரியருள் சிலர் தாமும் இடிபாட்டிலிருந்து தப்பியவர்கள். உடன் பணியாற்றிய நண்பர்களை இழந்தவர்கள். அவர்களைத் தாங்கவே ஆள் வேண்டியிருந்தது. அந்நிலையிலும் அவர்கள் நாள்தோறும் வந்து வகுப்பு நடத்தினார்கள். குறை அவர்களிடத்தில் இல்லை. அக்காலத்தின் நம்பிக்கையில் இருந்தது.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? இரண்டு பெரும் போர்களைக் கண்ட பிரிட்டன், வாய்விட்டு அழாமல் வேலையைப் பார்ப்பதே ஆண்மை என்று பழகிவிட்டிருந்தது. தென் வேல்ஸ் சுரங்க ஊர்களுக்குச் சாவு புதிதன்று; 1913-இல் செங்கெனித் சுரங்க வெடிப்பில் ஒரே நாளில் 439 தொழிலாளர் மாண்டதுண்டு. அங்கெல்லாம் தந்தை இறந்தான், பிள்ளை அழுதது, வாழ்க்கை நடந்தது. அபர்வான் அதைத் தலைகீழாக்கிற்று. ஜெஃப்ரி கோரர் என்னும் சமூகவியல் அறிஞர், பிரிட்டனில் துக்கம் காக்கும் முறைகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அது வெளிவந்த ஆண்டு 1965, அதாவது விபத்துக்கு ஓராண்டு முன்பு. பழைய துக்கச் சடங்குகள் மறைந்துவிட்டன, அவற்றுக்கு மாற்றாக எதுவும் வரவில்லை, வீட்டில் நேர்ந்த சாவைப் பற்றிப் பெற்றோர் பலர் பிள்ளைகளிடம் ஒன்றுமே சொல்வதில்லை என்று அவர் கண்டார்.

உளநூலாரும் அப்போது ஒருமித்த கருத்தோடு இல்லை. சிக்மண்ட் பிராய்டு 1917-இல் துக்கத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதியது. மரியா நாகி என்னும் அம்மையார் ஹங்கேரியின் தலைநகரில் மூன்று முதல் பத்து வயதுக்குட்பட்ட 378 பிள்ளைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டறிந்து 1948-இல் வெளியிட்டார். மிகச் சிறிய பிள்ளைகள் சாவை நெடும்பயணம் போலவும் உறக்கம் போலவும் கருதுகின்றன. ஒன்பது பத்து வயதளவில்தான் அது திரும்பாத முடிவு, எல்லோருக்கும் வருவது என்று தெளிகின்றன என்பது அவர் கண்டது. இங்கிலாந்தில் ஜான் போல்பி 1960-இல், தாயைப் பிரிந்த சிறு குழந்தையும் உண்மையாகவே துக்கம் கொள்கிறது என்று எழுதியபோது, பிராய்டின் மகளான அன்னா பிராய்டு முதலியோர் அதை மறுத்தார்கள். குழந்தை துக்கப்படுமா படாதா என்று இலண்டனில் அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில்தான் அபர்வான் பிள்ளைகள் கேரவன் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

இது வெள்ளைக்காரர் வழக்கம் மட்டுமே என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம்மவர் வீட்டில் சாவு விழுந்தால் பெரியவர்களுக்கு ஒப்பாரி உண்டு, கட்டி அழ உறவு உண்டு, பதினாறாம் நாள் உண்டு. பிள்ளையை என்ன செய்கிறோம்? அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறோம். ‘அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்’, ‘சாமிகிட்டே போயிட்டார்’ என்கிறோம். பிறகு பிள்ளை வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கும். சயாம் மரண இரயில் பாதையை எண்ணிப் பார்க்கிறேன். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைக்க ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக் கணக்கில் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. போர் ஓய்ந்தபின் தோட்டப் பள்ளிகளின் திண்ணையில் சிலேட்டோடு அமர்ந்த பிள்ளைகளுள் தந்தை திரும்பாத பிள்ளைகள் பலர். பிணம் இல்லை, சமாதி இல்லை, திதி கொடுக்க நாளும் இல்லை. அவர்களுக்கு ஊருக்குப் போயிருக்கிறார் என்னும் சொல் பல ஆண்டுகள் உண்மைபோலவே நின்றிருக்கும்.

அபர்வானுக்குத் திரும்புவோம். விபத்துச் செய்தி கேட்டு நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து மக்கள் பணம் அனுப்பினார்கள். நிதி வட்டியோடு 17½ இலட்சம் பவுனாக உயர்ந்தது. அதைப் பங்கிடுவதில்தான் அக்காலத்து மனப்போக்கு வெளிப்பட்டது. நிலக்கரி வாரியம் முதலில் ஒரு பிள்ளைக்கு 50 பவுன் என்றது. பின்னர் 500 பவுன் கொடுத்துத் தாராளமான தொகை என்று சொல்லிக்கொண்டது. நிதிக்குழுவினர் பிள்ளையை இழந்த குடும்பங்களுக்கு ஆளுக்கு 5,000 பவுன் தர முற்பட்டபோது, அறநிலைய ஆணையத்தார், தாய் தந்தையர் தம் பிள்ளையோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள் என்று விசாரித்துக் கொடுக்கவேண்டும் என்றனர்! உடலில் காயமின்றித் தப்பிய பிள்ளைகளின் குடும்பங்களுக்கு உதவுவது சட்டப்படி கூடாது என்றும் கூறினர். கால் ஒடிந்தால் காயம். மனம் ஒடிந்தால் அது கணக்கில் வராது. போதாக்குறைக்கு, மலைமேல் மிஞ்சியிருந்த குன்றுகளை அகற்றும் செலவுக்காக 1968-இல் அந்த நிதியிலிருந்தே 1,50,000 பவுனை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1997-இல் அதை வட்டியின்றித் திருப்பிக் கொடுத்தார்கள். 2007-இல் வேல்ஸ் அரசாங்கம் 20 இலட்சம் பவுன் வழங்கியபோதுதான் அக்கணக்கு ஓரளவு நேரானது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு மருத்துவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெய்னர் லேசி என்னும் பிள்ளை மனநல மருத்துவர், விபத்தையடுத்த நான்கு ஆண்டுகளில் தம்மிடம் வந்த 56 பிள்ளைகளைப் பற்றி 1972-இல் எழுதினார். உறக்கமின்மை, நடுக்கம், நண்பர் இல்லாமை, பள்ளிக்குப் போகவும் விளையாட வெளியே போகவும் மனமின்மை, படுக்கையை நனைத்தல் ஆகியவை அவர் கண்டவை. காற்றும் மழையும் அடித்தால் பிள்ளைகள் அஞ்சின. மலையில் மறுபடியும் ஏதோ நகர்கிறது என்னும் பயம். நடந்ததைத் தாமாக வாய்திறந்து சொன்ன பிள்ளைகள் மிகச் சிலரே.

இங்கே சற்று நிற்கவேண்டும். இந்த அறிகுறிகளை ஓர் ஆசிரியரின் கண்ணால் பாருங்கள். இரவில் உறங்காத பிள்ளை பகலில் வகுப்பில் தூங்கிவிழும். நடுங்கும் பிள்ளையின் கையெழுத்து கோணும். பள்ளிக்கு வர மனமில்லாத பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லும். நண்பரை இழந்த பிள்ளை சண்டை போடும். ஆசிரியருக்குக் காரணம் தெரியாவிட்டால் இவையெல்லாம் சோம்பலும் பிடிவாதமும் முரட்டுத்தனமுமாகவே தோன்றும். காரணம் தெரிந்தும், அதைப் பேசினால் பிள்ளை அழுமே என்று அஞ்சினால், பிரம்பை எடுக்காவிட்டாலும் வாய் மூடிக்கொள்வார். பிள்ளையோ, ஆசிரியர் பேசாததால் இது பேசக்கூடாத செய்தி என்று தெரிந்துகொள்ளும். நல்லெண்ணத்தால் விளையும் இந்த மௌனத்தைக் கல் நெஞ்சத்தைவிடக் கொடியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையின் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

அந்த மௌனத்தின் விலையைப் பின்னர் அளந்தார்கள். 2003-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பாண்ட்கிளாஸ் பள்ளியில் பிழைத்து அப்போது நடுவயதை அடைந்திருந்த 41 பேரை, அதே வயதும் பின்னணியும் கொண்ட 72 பேரோடு ஒப்பிட்டார்கள். பிழைத்தவர்களுள் 19 பேர், ஏறத்தாழப் பாதிப் பேர், பேரதிர்ச்சியின் பின் நீடிக்கும் மனநோயை வாழ்நாளில் ஒருமுறையாவது கண்டவர்கள். 12 பேருக்கு அது முப்பத்து மூன்று ஆண்டு கழித்தும் இருந்தது. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பத்தில் மூவருக்குக் காலம் அந்த வேலையைச் செய்யவில்லை.

பிரிட்டன் பாடம் கற்றதற்கு இன்னொரு விபத்து தேவைப்பட்டது. அதுவும் அக்டோபர் 21-ஆம் நாளிலேயே நேர்ந்தது, ஆண்டு 1988. ஏறத்தாழ 400 பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏதன்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கல்விச் சுற்றுலா புறப்பட்ட ஜூப்பிட்டர் என்னும் கப்பல், ஒரு சரக்குக் கப்பல் மோதியதில், ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் மூழ்கிற்று. ஒரு மாணவியும் ஓர் ஆசிரியரும் மாலுமிகள் இருவரும் மாண்டனர். மற்றப் பிள்ளைகள் இருளில் எண்ணெய் மிதக்கும் கடலில் விழுந்தும் தாவியும் பிழைத்தார்கள். இறந்தவர் சிலரே என்பதால் உலகம் விரைவில் மறந்துவிட்டது. இலண்டனைச் சேர்ந்த வில்லியம் யூல் என்னும் உளநூல் பேராசிரியர் மறக்கவில்லை. அவரும் அவர் குழுவினரும் பிழைத்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். ஐந்து முதல் எட்டு ஆண்டு கழித்து 217 பேரை ஆராய்ந்தபோது, அவர்களிலும் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு அதே மனநோய் வந்திருந்தது தெரிந்தது.

யூல் கண்டவற்றுள் பள்ளிக்கூடத்தாருக்கு மிக முக்கியமானது ஒன்று. கப்பலில் சென்ற பிள்ளைகள் பல பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். ஒரு பள்ளி உடனே வெளியிலிருந்து உதவியை வரவழைத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பேசச் செய்தது. வேறொரு பள்ளி அவ்வுதவி வேண்டாம் என்றது. சில மாதம் கழித்து அளந்தபோது, பேசச் செய்த பள்ளியின் மாணவியரிடம் அச்சமும் கலக்கமும் குறைவாகவே இருந்தன. ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே இரவு. ஆயினும் தலைமையாசிரியர் எடுத்த முடிவு பிள்ளையின் நெஞ்சில் வேறுபாட்டை உண்டாக்கிற்று. இதை வைத்து அளவுக்கு மீறிச் சொல்லிவிடவும் கூடாது. பிற்காலத்து ஆராய்ச்சிகள், விபத்து நடந்தவுடன் எல்லோரையும் கட்டாயப்படுத்தி ஒரே தடவை உட்காரவைத்து நடந்ததைக் கொட்டச் செய்வது பயன் தராது, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று காட்டியுள்ளன. பேச வாயில் திறந்திருக்கவேண்டும். உள்ளே பிடித்துத் தள்ளக்கூடாது.

யூலும் அவருடன் ஆன் கோல்டு என்பாரும் சேர்ந்து 1993-இல் பள்ளிகளுக்காக ஒரு கையேடு எழுதினார்கள். இலண்டனில் குல்பெங்கியன் அறக்கட்டளை அதை வெளியிட்டது. தீயணைக்கும் ஏற்பாட்டைத் தீப்பிடித்த பிறகு செய்வதில்லை. சாவுக்கும் அப்படியே, வருமுன் ஏற்பாடு வேண்டும் என்பதே அந்நூலின் சாரம். பெற்றோருக்குச் செய்தி சொல்லும் பொறுப்பு யாருடையது? பிள்ளைகளுக்கு எங்கே, எப்படி, எத்தனை பேர் கொண்ட கூட்டத்தில் சொல்வது? பத்திரிகைக்காரர் வாசலுக்கு வந்தால் யார் பேசுவது? அடக்கத்துக்கு யார் போவது? துயருற்ற ஆசிரியருக்கு யார் துணை? இவற்றை அமைதியான நாளில் தீர்மானித்து வைக்கவேண்டும். படிக்கும்போது மிகச் சாதாரணமாகவே தோன்றுகிறது. 1966-இல் பாண்ட்கிளாஸ் பிள்ளைகளுக்காக இவ்வளவு சாதாரணமான ஒரு தாள்கூட எந்த அலுவலகத்திலும் இல்லை.

பெருவிபத்துகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒரு தவறான எண்ணம் பிறக்கும். பெரும்பாலான பிள்ளைகள் துயருறுவது தனியாகத்தான்: ஒரு தந்தையின் மாரடைப்பு, ஒரு தாயின் புற்றுநோய், சாலையில் போன ஓர் அண்ணன். அமெரிக்காவின் பாஸ்டன் நகர வட்டாரத்தில் வில்லியம் வோர்டன், பில்லிஸ் சில்வர்மன் என்னும் இருவர், தாயையோ தந்தையையோ இழந்த 125 பிள்ளைகளை இரண்டாண்டு காலம் கவனித்து, 1996-இல் முடிவை வெளியிட்டனர். பெரும்பான்மையினர் நல்ல துணையோடு தாமே தேறிவந்தனர் என்பது நிம்மதி தரும் செய்தி. ஆனால் அவர்கள் கண்ட மற்றொன்று ஆசிரியர் ஒவ்வொருவரும் அறியவேண்டியது: துயருற்ற பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உள்ள வேறுபாடு முதலாண்டைவிட இரண்டாம் ஆண்டின் முடிவிலே தெளிவாகத் தெரிந்தது.

இதன் பொருள் என்ன? சாவு நேர்ந்த வாரத்தில் வகுப்பே எழுந்து நின்று மௌனம் காக்கும். ஆசிரியர் வீடு தேடிப் போவார். பிள்ளைகள் சில்லறை திரட்டிக் கொடுப்பார்கள். நம் பள்ளிகளில் இதற்கெல்லாம் குறைவில்லை. பிறகு ஆண்டு மாறும், வகுப்பு மாறும், ஆசிரியர் மாறுவார். புதிய ஆசிரியருக்கு முன்னிருப்பது மதிப்பெண் குறைந்துகொண்டே வரும் ஒரு பிள்ளை மட்டுமே. ‘அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா’ என்று அவர் சொல்லிவிட்டுப் போவார். பழைய ஆசிரியர் புதிய ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது நேராது. அந்த ஒரு வார்த்தைக்குச் செலவு எதுவுமில்லை.

நம் பக்கத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். 2015 ஜூன் 5-ஆம் நாள் காலை சபாவில் நிலம் அதிர்ந்தது. கினபாலு மலைமேல் 18 பேர் மாண்டனர். சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளியிலிருந்து மலையேறப் போயிருந்த குழுவில் மாணாக்கர் எழுவரும் ஆசிரியர் இருவரும் அவர்களோடு சென்ற வழிகாட்டி ஒருவரும் உயிரிழந்தனர். ஜூன் 8-ஆம் நாளை நாடு நினைவு நாளாக அனுசரித்தது. கொடிகள் அரைக் கம்பத்தில் பறந்தன. அப்போது சிங்கப்பூரில் நடந்துகொண்டிருந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் மௌனம் காத்தனர். இவை பெரியவர் செய்யும் மரியாதை. நான் கருதிப் பார்ப்பது வேறொன்றை. பள்ளி அப்போது விடுமுறையில் இருந்தது. ஆயினும் பள்ளியின் கதவு திறந்திருந்தது. மலர் வைக்கவும் இறந்த நண்பனுக்கு நாலு வரி எழுதி வைக்கவும் இடம் ஒதுக்கப்பட்டது. கல்வி அமைச்சின் ஆலோசகர்கள் பள்ளிக்கு வந்தனர். மாத முடிவில் பள்ளி திறந்தபோது, இறந்தவர்களைப் பற்றிப் பேசலாம், அழலாம், பேசாமலும் இருக்கலாம் என்று பிள்ளைகள் அறிந்திருந்தார்கள்.

அபர்வான் பிள்ளைக்கும் தஞ்சோங் காத்தோங் பிள்ளைக்கும் நடுவே 49 ஆண்டுகள். இருவருடைய துயரமும் ஒரே எடைதான்; பின்னவரின் துயரம் எளிதாகிவிட்டது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. முன்னவர் தெருவில் விளையாடலாமா என்று கேட்க ஆளின்றி நின்றார். பின்னவர் கேட்க ஆள் இருந்தது. அவ்வளவே மாறியிருக்கிறது. அந்த மாற்றத்துக்குக் கடன்பட்டிருப்பது அறிஞர்களுக்கு மட்டுமன்று. நடுவயதில், தம் பழைய புண்ணைக் கிளறிக் காட்ட இசைந்து, ஆராய்ச்சியாளரின் கேள்விகளுக்கு உட்கார்ந்து விடை சொன்ன அந்த 41 பேருக்கும் உலகத்துப் பள்ளிகள் கடன்பட்டவை.

பாண்ட்கிளாஸ் பள்ளி நின்ற இடத்தில் இன்று ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது. மலைச்சரிவில், இறந்த பிள்ளைகளின் கல்லறைகளுக்கு மேலே, வெண்ணிற வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. 2016 அக்டோபர் 21-ஆம் நாள், விபத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவின்போது, காலை 9.15 மணிக்கு வேல்ஸ் நாடெங்கும் ஒரு நிமிடம் மௌனம் காத்தனர். விபத்து நாளில் எட்டு வயதாயிருந்தவர்களுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அந்த ஆண்டில்தான் அவர்களுள் சிலர், தம் மனைவி மக்களிடமும் அதுவரை சொல்லாதிருந்ததை, முதன்முறையாக வாய்திறந்து சொன்னார்கள்.